கேபிள் ஸ்வெட்டரில் வரும் கோளாறுகள்: கண்ணில் படுவதை வைத்துக் காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்வது

கேபிள் பின்னலில் ஒரு தவறு கண்ணில் பட்டதும் பலர் ஊசியை உருவிவிட்டு, பின்னியதை எல்லாம் பிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அதற்குத் தேவையே இருக்காது. கேபிள் தவறு அகலவாக்கில் பரவுவதில்லை, மேலிருந்து கீழாக ஒரே பட்டையில் நிற்கிறது. ஊசியில் இருநூறு கண்ணி, அதாவது நூல் வளையம், இருந்தாலும் கெட்டுப்போனது ஆறோ எட்டோதான். அந்த ஆறை மட்டும் கீழே இறக்கி, சரிசெய்து, மறுபடி மேலே ஏற்றிவிடலாம். இந்த ஒன்று கைவந்துவிட்டால் பல மாத உழைப்பைக் காப்பாற்றிவிடலாம். அதனால் கீழே அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் சில சொற்கள். கேபிள் என்பது கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு போவதால் அதன் ஒவ்வொரு பாதியையும் புரி என்று சொல்கிறேன். புரிகள் இடம் மாறும் வரிசை முறுக்கு வரிசை. உடுத்தும்போது வெளியே தெரிவது நல்ல பக்கம், மற்றது உள்பக்கம். நல்ல பக்கத்தில் V போலத் தெரியும் கண்ணி நிட், சிறு மேடாகத் தெரியும் கண்ணி பர்ல். கேபிள் ஊசி என்பது முறுக்கும்போது சில கண்ணிகளைத் தற்காலிகமாக ஏற்றி வைக்கும் குட்டை ஊசி. உதாரணங்களில் வருவது சாதாரண ஆறு கண்ணிக் கேபிள்: மூன்று கண்ணியைக் கேபிள் ஊசிக்கு மாற்றி, அடுத்த மூன்றைப் பின்னி, பிறகு கேபிள் ஊசியில் இருக்கும் மூன்றைப் பின்னுவது. கேபிள் ஊசியை முன்னால் நிறுத்தினால் மேலே தெரியும் புரி இடப்பக்கம் சாயும், பின்னால் நிறுத்தினால் வலப்பக்கம் சாயும். கீழே வருவதில் பாதி இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் இருக்கிறது.

கண்ணிக் கணக்கு சரி, ஆனால் ஸ்வெட்டர் குறுகிவிட்டது

காரணம் பெரும்பாலும் மாதிரித் துண்டு. பலர் வெறும் நிட் பின்னலில் ஒரு சதுரம் போட்டு அளந்துவிட்டு, கேபிள் ஸ்வெட்டருக்குக் கண்ணி போடுகிறார்கள். கேபிள் துணியை இரண்டு பக்கத்திலிருந்தும் உள்ளே இழுக்கும். ஆறு கண்ணிக் கேபிள் ஒன்று ஏறக்குறைய நான்கு கண்ணி அகலத்துக்குச் சுருங்கும். நூலையும் கையையும் பொறுத்து இது கொஞ்சம் மாறும்.

கணக்காகப் பாருங்கள். தடித்த ஆரன் ரக நூலை 5 மி.மீ. ஊசியில் வெறும் நிட்டாகப் பின்னினால் 10 செ.மீ.க்குச் சுமார் 18 கண்ணி வரும். மார்புச் சுற்று 100 செ.மீ. வேண்டுமென்றால் 180 கண்ணி. அதே நூலில், நெருக்கமாகக் கேபிள் உள்ள பின்னலில் 10 செ.மீ.க்கு 24 கண்ணி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 180 கண்ணி 75 செ.மீ.தான் வரும். பெரியவருக்குப் போட்டது பையனுக்குக்கூட இறுக்கமாகிவிடும். இந்த ஸ்வெட்டருக்கு 240 கண்ணி போட்டிருக்க வேண்டும்.

அதனால் மாதிரித் துண்டில் உங்கள் கேபிளே இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு கேபிளும் அவற்றுக்கு நடுவில் உள்ள பர்ல் இடமும் சேர்ந்து, மூன்று நான்கு முறுக்காவது உயரமாக. பின்னி, நனைத்து, காயவைத்து, அப்புறம்தான் அளக்க வேண்டும். இதைப் பின்னுவதற்கு ஒரு மாலைப் பொழுது போதும். அதைத் தவிர்ப்பதால் எந்த லாபமும் இல்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. இந்தியக் கடைகளில் கிடைக்கும் ஊசிகளில் உள்ள எண் பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் முறை. அதில் எண் கூடக்கூட ஊசி மெலியும்: 10ஆம் எண் 3.25 மி.மீ., 8ஆம் எண் 4 மி.மீ., 6ஆம் எண் 5 மி.மீ. அமெரிக்க முறை தலைகீழ். அங்கே எண் கூடினால் ஊசி தடிக்கும், 8ஆம் எண் என்றால் 5 மி.மீ. இணையத்திலிருந்து எடுத்த அமெரிக்கப் பின்னல் வரைபடத்தில் 8 என்று போட்டிருப்பதைப் பார்த்து, இங்கே கடையில் 8 கேட்டு வாங்கினால் முழுதாக ஒரு மி.மீ. மெலிந்த ஊசிதான் கைக்கு வரும். துணி அட்டை மாதிரி விறைப்பாக வந்தால், சிறிதாகவும் போனால், முதலில் இதைச் சோதியுங்கள். எண்ணைப் பார்க்காதீர்கள், மி.மீ. பாருங்கள்.

பின்னி முடித்துவிட்டீர்கள், இப்போதுதான் குறுகல் தெரிகிறது என்றால்? சுத்தக் கம்பளியாக இருந்தால் நனைத்து விரித்துக் காயவைப்பதில் சில செ.மீ. மீளும். ஆனால் அதற்காக இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைக்காதீர்கள், கேபிள் தட்டையாகிவிடும். குறை அதைவிட அதிகமென்றால், இரண்டு பக்கத் தையலிலும் அக்குளிலிருந்து கீழ்வரை ரிப் பின்னலில் (நிட்டும் பர்லும் மாறி மாறி வரும், நெகிழும் பின்னல்) ஒரு நீளப் பட்டை பின்னிச் சேர்த்துத் தைக்கலாம். திட்டமிட்டே செய்ததுபோல் அழகாக இருக்கும். முன்பாகம் இன்னும் தொடங்கவில்லையென்றால் அதை இரண்டாகப் பிரித்து, நடுவில் பொத்தான் பட்டை வைத்துத் திறந்த ஸ்வெட்டராக மாற்றிவிடலாம். பட்டையின் அகலம் உங்களுக்கு லாபம்.

ஒரு முறுக்கு மட்டும் எதிர்த்திசையில் சாய்ந்திருக்கிறது

கேபிள் ஊசியை முன்னால் நிறுத்த வேண்டிய இடத்தில் பின்னால் நிறுத்தியிருக்கிறீர்கள், அல்லது பின்னால் நிறுத்த வேண்டியதை முன்னால். கேபிள் பின்னலில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். பத்துப் பதினைந்து வரிசை தள்ளித்தான் கண்ணில் படும், ஏனென்றால் ஊசிக்கு நெருக்கமாக இருக்கும்போது முறுக்கு சரியாகத் தெரியாது.

ஒரே வரிசையில் எல்லாக் கேபிளும் தவறாகப் போயிருந்தால் வரிசையையே பிரிப்பது நல்லது. அப்படிப் பிரிப்பதற்கு முன், முறுக்கு வரிசைக்கு முந்தைய வரிசையில் ஒவ்வொரு கண்ணியின் வலது கால் (வளையத்தின் வலப்பக்க நூல்) வழியாகவும் வேறு நிற நூல் ஒன்றைத் தையல் ஊசியால் செலுத்திவிடுங்கள். பிரிப்பது தானாக அங்கே வந்து நின்றுவிடும், ஒரு கண்ணியும் நழுவாது.

ஒரு கேபிள் மட்டும் தவறென்றால் பின்வருமாறு செய்யுங்கள். இரண்டு முனையும் கூரான குட்டை ஊசி இரண்டு வேண்டும். நீங்கள் பின்னும் அளவு அல்லது அதைவிட ஒரு அளவு மெலிந்தது.

நல்ல பக்கம் உங்களைப் பார்த்திருக்க, அந்தக் கேபிளின் முதல் கண்ணிக்கு முன்வரை பின்னி வந்து நில்லுங்கள். இப்போது கேபிளின் ஆறு கண்ணியை மட்டும் இடது ஊசியிலிருந்து கழற்றிவிடுங்கள். இரண்டு பக்கத்திலும் உள்ள பர்ல் கண்ணிகள் ஊசிகளிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு வரிசையாக மெதுவாக இழுத்துப் பிரியுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தளர்ந்த நூல் துண்டு ஏணிப்படி போல் குறுக்கே தொங்கும். தவறான முறுக்கு வரிசையையும் பிரித்து, அதற்கு முந்தைய வரிசையில் நிறுத்துங்கள். அங்கே ஆறு கண்ணி அருகருகே முறுக்கில்லாமல் இருக்கும். அவற்றைக் குட்டை ஊசியில் ஏற்றுங்கள்.

இப்போது முதல் மூன்று கண்ணியைக் கேபிள் ஊசிக்கு மாற்றி, இம்முறை சரியான பக்கத்தில் நிறுத்துங்கள். தொங்கும் நூல்களில் எல்லாவற்றுக்கும் கீழே இருப்பதை எடுத்து, அதை வைத்தே ஆறு கண்ணியையும் நிட் பின்னுங்கள். நூலின் இரண்டு முனையும் துணியோடு ஒட்டியிருப்பதால் முதலில் சங்கடமாக இருக்கும். முதல் கண்ணிகளுக்கு நூல் தாராளமாக இருப்பதாகத் தோன்றும், கடைசிக் கண்ணிக்குப் போதாமல் போகும். அதனால் ஒவ்வொன்றையும் சிறியதாகவே எடுத்துக்கொண்டு, வரிசை முடிந்ததும் ஊசி முனையால் நூலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திச் சமமாக்குங்கள். பிறகு அடுத்த நூல், அதற்கு அடுத்த நூல் என்று மேலே வாருங்கள். துணியைத் திருப்ப வேண்டாம். எல்லா வரிசையையும் நல்ல பக்கத்திலிருந்தே நிட் போட்டு, ஒவ்வொரு முறையும் கண்ணிகளை ஊசியின் வலது முனைக்குத் தள்ளிக்கொண்டு அடுத்த வரிசையைத் தொடங்கினால் போதும். வழியில் அடுத்த முறுக்கு வரிசை வந்தால் அங்கேயும் முறுக்குங்கள். மேல்நோக்கி வரும்போது எந்த நூலுக்குப் பின் எது என்ற வரிசை மாறவே கூடாது. மாறினால் துணியில் ஒரு நூல் நீளமாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

முடித்தவுடன் அந்த இடம் கொஞ்சம் கோணலாகத்தான் தெரியும். நனைத்துக் காய்ந்த பிறகு கண்ணிகள் தாமாக இடம் பார்த்து உட்கார்ந்துவிடும். மொகேர் மாதிரி மயிர் அதிகமுள்ள நூலில் மட்டும் இதைச் செய்வது கடினம், இழைகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு பிரியாது.

ஸ்வெட்டர் முழுக்க முடிந்து, தவறு நெஞ்சுக்கு நடுவில் கீழே எங்கோ இருக்கிறது என்றால் ஓர் அறுவை உண்டு. துணிச்சல் வேண்டும், ஆனால் நடக்கக்கூடியது. தவறாக மேலே வந்துவிட்ட புரியில், முறுக்குக்கு நடுவே ஒரு கண்ணியை மட்டும் வெட்டி, அந்த வரிசையில் புரியின் மூன்று கண்ணிகளைப் பிரியுங்கள். மேலே மூன்று கண்ணி, கீழே மூன்று கண்ணி திறந்து நிற்கும். இரண்டையும் ஊக்கில் பிடித்து வைத்துக்கொண்டு, மற்ற புரிக்குப் பின்னால் தள்ளுங்கள். அதே நூலில் சுமார் 30 செ.மீ. எடுத்துத் தையல் ஊசியில் கோர்த்து, நிட் கண்ணி போகும் பாதையிலேயே மேலையும் கீழையும் இணைத்துத் தைத்துவிடுங்கள். வெட்டிய முனைகளையும் புது நூலின் முனைகளையும் உள்பக்கத்தில் செருகிவிடலாம். முதல் தடவை இதை மாதிரித் துண்டில் செய்து பாருங்கள்.

எல்லாத் தவறையும் திருத்தத்தான் வேண்டுமா? அக்குளுக்குக் கீழே கை மறைக்கும் இடம் என்றால் நான் விட்டுவிடுவேன். முன்பக்கம் நடுக் கேபிள் என்றால் விடமாட்டேன், எவ்வளவு கீழே இருந்தாலும் சரி. உடுத்துபவருக்குத் தெரியாவிட்டாலும் பின்னியவரின் கண் ஒவ்வொரு முறையும் அங்கேதான் போய் நிற்கும்.

முறுக்குகளுக்கு இடையே தூரம் ஒன்றுபோல் இல்லை

வரிசை எண்ணிக்கை தப்பியிருக்கிறது. தாளில் கோடு போட்டு எண்ணுவது நல்ல பழக்கம்தான். ஆனால் கோடு போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் வரும்போது துணியையே கேட்க வேண்டும். கடைசி முறுக்கில் இரண்டு புரிகளும் பிரியும் இடத்தில் ஒரு சிறு ஓட்டை இருக்கும். பின்னாலிருந்து அதில் விரல் நுனியை விட்டு, மேலே புரிகளை இலேசாக விலக்குங்கள். ஓட்டையிலிருந்து ஊசிவரை குறுக்கு நூல்கள் படிப்படியாகத் தெரியும். ஒரு படி ஒரு வரிசை. முதல் படி முறுக்கு வரிசையிலேயே உண்டானது. ஆறு வரிசைக்கு ஒருமுறை முறுக்க வேண்டுமென்றால், ஆறு படி தெரியும்போது அடுத்த வரிசை முறுக்கு வரிசை. முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பின்னுபவர்களுக்கு நல்ல பக்கம் பார்த்திருக்கும்போது இந்தப் படிகள் எப்போதும் இரட்டைப்படையாகவே இருக்கும். ஒற்றைப்படை வந்தால் எண்ணியது தப்பு, அல்லது உள்பக்க வரிசையில் முறுக்கியிருக்கிறீர்கள்.

ஏற்கெனவே நடந்த தவறு என்றால், மேலே சொன்ன ஆறு கண்ணி வித்தைதான். இரண்டு வரிசை வித்தியாசம் ஒரே இடத்தில் ஒருமுறை வந்திருந்தால் அது யாருக்கும் தெரியாது. நான்கு வரிசை தெரியும்.

கேபிளின் இடது ஓரத்தில் கண்ணிகள் பெரிதாக, தொளதொளவென்று நிற்கின்றன

வலது ஓரம் கச்சிதமாக இருக்கும், இடது ஓரம் மட்டும் இப்படி. உங்கள் கை மோசம் என்று அர்த்தமில்லை, எல்லாருக்கும் வருவதுதான். நிட்டிலிருந்து பர்லுக்கு மாறும்போது நூல் பின்னாலிருந்து முன்னால் வந்து, ஊசியைச் சுற்றிக்கொண்டு போகிறது. பர்லிலிருந்து நிட்டுக்குப் போகும்போது இருப்பதைவிட அந்தப் பாதை கொஞ்சம் நீளம். அந்த உபரி நூல் கடைசி நிட் கண்ணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

கேபிள் முடிந்து வரும் முதல் பர்ல் கண்ணியில் மட்டும் நூலை வழக்கம்போல் ஊசிக்கு மேலாகச் சுற்றாமல் அடியிலிருந்து எடுங்கள். பாதை குறுகும், கடைசி நிட் இறுகும். ஆனால் அந்த பர்ல் கண்ணி இப்போது ஊசியில் திரும்பி உட்கார்ந்திருக்கும். உள்பக்க வரிசையில் அதைப் பின்னும்போது கண்ணியின் பின் கால் வழியாக நிட் போடுங்கள், இல்லாவிட்டால் அது முறுகிப்போகும். இரண்டு மூன்று அங்குலம் பின்னியதும் இது கைப்பழக்கமாகிவிடும். முதல் பர்லை இழுத்து இறுக்குவது என்று பலரும் சொல்வார்கள். கொஞ்சம் உதவும், ஆனால் கை வலிக்கும், துணியும் சீராக இருக்காது.

ஏற்கெனவே பின்னிய பகுதியில் தொளதொளப்பு இருந்தால் மெல்லிய ஊசி முனையால் உபரி நூலைப் பக்கத்துக் கண்ணிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்து அனுப்பலாம்.

முறுக்கும் இடத்தில் ஓட்டை தெரிகிறது

சிறு ஓட்டை இயல்பு, நனைத்தால் மூடிக்கொள்ளும். விரல் போகுமளவு இருந்தால் மூன்று காரணங்களில் ஒன்று. கேபிள் ஊசியிலிருந்து பின்னும் முதல் கண்ணியில் நூலை இழுத்து இறுக்காமல் விட்டிருக்கலாம். கேபிள் ஊசி தடித்ததாக இருந்து கண்ணிகளை விரித்திருக்கலாம். அது எப்போதும் பின்னும் ஊசியைவிட மெலிந்ததாக இருக்க வேண்டும். அல்லது புரி மிக அகலம்: ஐந்து கண்ணிக்கு மேல் ஐந்து கண்ணி தாண்டும் கேபிளை நான்கு வரிசைக்கு ஒருமுறை முறுக்கினால் துணிக்கு நகர இடமில்லை, கிழிவதுபோல் இழுக்கும். அகலமான கேபிளுக்கு இடைவெளி வரிசைகளும் கூட வேண்டும். புரியில் எத்தனை கண்ணியோ அதற்கு இரண்டு மடங்கு வரிசை என்று தொடங்கிப் பாருங்கள்.

கண்ணி எண்ணிக்கை குறைகிறது, கூடுகிறது

ஆறில் ஐந்துதான் இருக்கிறது என்றால், நழுவிய கண்ணி பெரும்பாலும் முறுக்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். நல்ல பக்கத்தில் தேடிப் பயனில்லை. உள்பக்கம் திருப்பி, கடைசி முறுக்குக்கு அருகே திறந்த வளையம் ஒன்று தெரிகிறதா என்று பாருங்கள். உடனே ஊக்கில் பிடியுங்கள். பிறகு நல்ல பக்கத்திலிருந்து குரோஷா ஊசியால் ஒவ்வொரு படியாக ஏற்றிக் கொண்டுவாருங்கள். ஏழு இருக்கிறது என்றால், பர்லுக்குப் பிறகு நூலைப் பின்னால் கொண்டுபோக மறந்து, அது ஊசி மேல் ஒரு வளையமாக ஏறியிருக்கும். இரண்டு வரிசைக்குள் கண்டுபிடித்தால் அந்தக் கண்ணியை நழுவவிட்டாலே போதும்.

இன்னொன்று: எண்ணிக்கை சரியாக இருந்தும் சில கண்ணிகளின் அடி மட்டும் குறுக்காகப் பின்னிக்கொண்டதுபோல் தெரிந்தால், கேபிள் ஊசிக்கு மாற்றும்போது கண்ணி திரும்பிவிட்டது. மாற்றும்போது எப்போதும் பர்ல் பின்னுவதுபோல் வலமிருந்து ஊசியை நுழைத்து மாற்றுங்கள். ஊசியில் உட்கார்ந்திருக்கும்போது கண்ணியின் வலது கால் முன்னால் இருக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் கேபிள் எழும்பவே இல்லை

இதற்கு நூல்தான் காரணம், பின்னியவர் அல்ல. கேபிளின் அழகு நிழலில் இருக்கிறது. புரி மேடாக எழ வேண்டும், அதன் ஓரத்தில் நிழல் விழ வேண்டும், அந்த நிழல் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

கேபிள் ஸ்வெட்டருக்குப் பேர்போன இடம் ஆரன் தீவுகள். அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே விரிகுடாவின் வாயில் இருக்கும் மூன்று சிறு தீவுகள். அங்கே உருவான ஸ்வெட்டர்களின் வழக்கமான நூல், சாயம் போடாத வெண்மஞ்சள் நிறக் கம்பளி. அந்த நிறம் நிழலை அப்படியே காட்டும். கறுப்பிலும் கரு நீலத்திலும் நிழல் நிழலாகவே தெரியாது. பல நிறம் கலந்த நூலில் கண் நிறத்தைப் பார்க்கும், வடிவத்தைப் பார்க்காது. கேபிளுக்குச் செலவழித்த உழைப்பெல்லாம் வீண்.

நூலின் அமைப்பும் முக்கியம். மூன்று இழை அல்லது அதற்கு மேல் நன்றாக முறுக்கிய, உருண்டையான கம்பளி நூலில் கேபிள் எழுந்து நிற்கும். ஒற்றை இழையான மென்மையான நூலில் குழைந்துவிடும். பருத்தி நூலுக்கு மீள்தன்மை இல்லை. கேபிள் தெளிவாகத் தெரியும், ஆனால் துணி கனத்துக் கீழே தொங்கும். அக்ரிலிக் தோற்றத்துக்குப் பரவாயில்லை, மலிவும்கூட, ஆனால் அதில் ஓர் ஆபத்து: இஸ்திரிப் பெட்டி. சூட்டில் அக்ரிலிக் இளகிப் படிந்துவிடும், அப்புறம் கேபிள் எழும்பவே எழும்பாது. அதற்கு மருந்து இல்லை. அக்ரிலிக் கேபிள் ஸ்வெட்டர் மேல் சூடான பெட்டியை எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள். கம்பளியைத் தவறிப்போய் அழுத்தியிருந்தால் கவலை வேண்டாம், நனைத்துப் புரிகளை விரலால் மேலே தள்ளிவிட்டுக் காயவைத்தால் மீண்டுவிடும்.

நூல் சரியாக இருந்தும் எழவில்லையென்றால் பக்கத்தைப் பாருங்கள். கேபிளின் இரண்டு புறமும் குறைந்தது இரண்டு பர்ல் கண்ணி வேண்டும். நிட் தரையில் நிட் கேபிள் கலந்துபோகும். பர்ல் தரை உள்ளே ஒதுங்கிக் கேபிளை முன்னால் தள்ளும்.

இடது பக்கமும் வலது பக்கமும் ஒத்துப்போகவில்லை

நடுக் கேபிளுக்கு இரண்டு புறமும் உள்ள கேபிள்கள் கண்ணாடி பிம்பமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் முன்னால் நிறுத்தினால் மறுபக்கம் பின்னால். எல்லாவற்றையும் ஒரே திசையில் முறுக்கினால் மொத்த ஸ்வெட்டரும் ஒரு பக்கம் சாய்ந்ததுபோல் இருக்கும். வரைபடத்தில் நல்ல பக்க வரிசையை வலமிருந்து இடமாகவும் உள்பக்க வரிசையை இடமிருந்து வலமாகவும் படிக்க வேண்டும். வட்ட ஊசியில் சுற்றாகப் பின்னினால் எல்லா வரிசையும் வலமிருந்து இடம்தான். நமக்கு இடமிருந்து வலமாகப் படித்தே பழக்கம் என்பதால் இங்கே தடுமாறுவது சகஜம்.

நடுக் கேபிளைப் பிடிக்கவில்லையென்றால் தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள், அகலம் மட்டும் ஒத்துவர வேண்டும். ஆரன் தீவுகளில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பின்னல் இருந்தது, கடலில் இறந்தவரை அதை வைத்தே அடையாளம் கண்டார்கள் என்று ஒரு கதை பரவலாக உண்டு. அதற்கு ஆதாரம் கிடையாது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்தப் பெண்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் பார்த்துக் கற்று, சேர்த்து, மாற்றி, வீட்டுக்கும் விற்பனைக்கும் பின்னி வளர்த்த கலை இது. உங்களுக்கும் அந்த உரிமை உண்டு.

கீழ் ஓரமும் தோள் ஓரமும் அலை அலையாக விரிகின்றன

கேபிள் கண்ணிகள் முறுக்கில்தான் சுருங்கும். முறுக்கு தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் அதே எண்ணிக்கை விரிந்துகொள்ளும். அதனால் கீழே ரிப்பைக் குறைந்த கண்ணியில் பின்னி, ரிப் முடிந்த வரிசையில் ஒவ்வொரு கேபிளுக்கும் நேர் அடியில் இரண்டு கண்ணி கூட்டுங்கள். மேலே கண்ணி முடிக்கும்போது ஒவ்வொரு கேபிளிலும் இரண்டு இடத்தில் இரண்டிரண்டு கண்ணியாகச் சேர்த்து முடியுங்கள். தோள் கச்சிதமாக உட்காரும். முன்பாகத்துக்கும் பின்பாகத்துக்கும் நீளம் ஒத்துப்போக, டேப்பை நம்பாமல் வரிசைகளை எண்ணுங்கள். முறுக்குகளை எண்ணினால் இன்னும் சுலபம்.

நடுவில் நிறம் மாறி ஒரு கோடு தெரிகிறது

சாய லாட் வேறு, அதாவது அந்த நூல் வேறொரு தடவை சாயமேற்றிய தொகுதியிலிருந்து வந்தது. கேபிள் பின்னல் சாதாரண பின்னலைவிட நூல் அதிகம் குடிக்கும். கால் பங்காவது கூடுதலாக, சிட்டையில் ஒரே லாட் எண் உள்ளதாகப் பார்த்து ஒரே தடவையில் வாங்குங்கள். தீர்ந்துபோய் வேறு லாட்தான் கிடைத்தது என்றால், பழைய நூலில் இரண்டு வரிசை, புதியதில் இரண்டு வரிசை என்று கொஞ்ச தூரம் மாற்றி மாற்றிப் பின்னுங்கள், கோடு கரைந்துவிடும். அல்லது புதிய லாட்டைக் கழுத்து, கை ரிப்புகளுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

துவைத்த பிறகு நீண்டுவிட்டது, அல்லது சுருங்கிவிட்டது

கேபிள் ஸ்வெட்டர் கனமானது, ஈரத்தில் இன்னும் கனம். கொடியில் தொங்கவிட்டால் தன் எடையிலேயே நீளும். வெதுவெதுப்பான நீரில் கசக்காமல் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்து, நிழலில் தட்டையாக விரித்து, அளவுக்கு நீவிவிட்டுக் காயவையுங்கள். நீண்டதை இப்படியே மறுபடி நனைத்து உள்ளே தள்ளிச் சரிசெய்யலாம். சுடுநீரும் கசக்கலும் சேர்ந்து கம்பளியின் மயிர்ச் செதில்கள் ஒன்றையொன்று பற்றிச் சுருங்கியிருந்தால் அது திரும்பாது. சூப்பர்வாஷ் என்று சிட்டையில் போட்ட கம்பளியில் அந்தச் செதில்களை அடக்கியிருப்பார்கள். அது சுருங்காது, ஆனால் ஈரத்தில் மிக அதிகமாக நீளும். அந்த நூலுக்கு மாதிரித் துண்டை நனைத்து அளப்பது கட்டாயம்.

தலை நுழையவில்லை

கழுத்து ரிப்பை இறுக்கமாக முடித்துவிட்டீர்கள். முடித்த வரிசையை மட்டும் பிரித்து, இரண்டு அளவு தடித்த ஊசியால் மறுபடி முடியுங்கள். தோளிலிருந்து வரும் கேபிளைக் கழுத்துவரை தொடர்ந்திருந்தால் அந்த இடம் நெகிழாது, கழுத்தில் அதை ரிப்பாக மாற்றிவிடுங்கள். நூலை வெட்டி முனையைச் செருகுவதற்கு முன் உடுத்துபவருக்கு ஒருமுறை போட்டுப் பாருங்கள், குறிப்பாகக் குழந்தைகளுக்கு. உடம்போடு ஒப்பிட்டால் அவர்கள் தலை பெரியது.